மூன்று மாதமாகச் சம்பளம் வரவில்லை, வேலையை விட்டால் பாக்கி போய்விடுமா?

நீங்கள் எழுதியதைச் சுருக்கிச் சொல்கிறேன், தவறாகப் புரிந்துகொண்டிருந்தால் திருத்துங்கள். நாற்பது பேர் வேலை செய்யும் ஒரு தனியார் கம்பெனியில் சூப்பர்வைசராக இருக்கிறீர்கள். மாதம் 32,000 ரூபாய் சம்பளம். மூன்று மாதமாக ஒரு ரூபாய்கூட வரவில்லை. முதலாளி "அடுத்த வாரம் பார்த்துக்கலாம்" என்கிறார். ஹெச்.ஆர். "24,000-க்கு மேல் வாங்குபவர்களுக்கு அந்தச் சட்டம் கிடையாது, லேபர் ஆபீஸ் போனாலும் திருப்பி அனுப்பிவிடுவார்கள்" என்கிறார். கூட வேலை செய்பவர்கள் எல்லோருமாக ஒரே நாளில் லீவு போட்டுவிடலாம் என்கிறார்கள். லேபர் ஆபீஸ் போகலாமா என்பதுதான் நீங்கள் எழுத்தில் கேட்டது. ஆனால் உங்களை அரிப்பது வேறு: இருந்தால் பாக்கி ஏறிக்கொண்டே போகிறது, விட்டுப் போனால் வரவேண்டியதும் வராமல் போய்விடுமோ என்ற பயம். அதனால் அதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். வேலையை விட்டதால் சம்பளப் பாக்கி போகாது. செய்து முடித்த வேலைக்கான சம்பளம் கம்பெனி உங்களுக்குத் தரவேண்டிய கடன். நீங்கள் உள்ளே இருந்தாலும் வெளியே இருந்தாலும் அது கடன்தான். ஆதாரம்தான் போய்விடும். கம்பெனி மெயிலைத் திறக்க முடியாது, வருகைப் பதிவைப் பார்க்க முடியாது, நேற்றுவரை "தர்றேன் தம்பி" என்றவர் போனை எடுக்க மாட்டார்.

நான் வழக்கறிஞர் இல்லை. பல வருடம் கம்பெனிகளில் சம்பளக் கணக்கு பார்த்துவிட்டு, இப்போது தொழிலாளர் தரப்பு வழக்கறிஞர்களுக்குப் பாக்கிக் கணக்குப் போட்டுக்கொடுக்கிறேன். அதனால் பணம் தட்டுப்படும் கம்பெனிக்குள் மாதக் கடைசியில் என்ன நடக்கிறது என்று தெரியும். யாருக்கு முதலில் கொடுப்பது என்று ஒரு பட்டியல் இருக்கும். வங்கித் தவணை மேலே இருக்கும், 90 நாள் தாண்டினால் அது வாராக்கடன் கணக்கில் போய்விடும். அடுத்தது ஜி.எஸ்.டி., தொடர்ந்து இரண்டு ரிட்டர்ன் போடாவிட்டால் இ-வே பில் எடுக்க முடியாது, சரக்கு வாசலைத் தாண்டாது. அப்புறம் கரண்ட் பில், மூலப்பொருள் கொடுப்பவர். அதற்குப் பிறகு மிச்சம் இருந்தால் சம்பளம். சம்பளத்திலும் ஒரு வரிசை உண்டு: இவர் போனால் மெஷின் நின்றுவிடும் என்பவர்களுக்கு முதலில், எழுத்தில் கேட்டுக்கொண்டே இருப்பவர்களுக்கு அடுத்து, "பாவம், புரிஞ்சுக்குவார்" என்று நினைக்கப்படுபவர்களுக்குக் கடைசியில். நல்ல முதலாளிகளும் இப்படித்தான் செய்கிறார்கள், கெட்ட எண்ணம் எதுவும் தேவையில்லை. ஆகவே நீங்கள் இப்போது செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று: வாய்வார்த்தையாக இருக்கும் பாக்கியை, முகம் கொடுத்துப் பேசும் நிலை இருக்கும்போதே, அவர்கள் ஒப்புக்கொண்ட எழுத்துக் கடனாக மாற்றுவது. லேபர் ஆபீஸ், நோட்டீஸ், வழக்கு எல்லாம் அதன் மேல்தான் நிற்கும்.

ஹெச்.ஆர். சொன்ன 24,000 பழைய கணக்கு. 1936-ஆம் ஆண்டின் ஊதியம் வழங்கல் சட்டத்தில் அப்படி ஒரு வரம்பு இருந்தது உண்மை. 2017-இல்தான் அதை 18,000-இலிருந்து 24,000 ஆக்கினார்கள். அந்தச் சட்டத்துக்குப் பதிலாக வந்த 2019-ஆம் ஆண்டின் ஊதியத் தொகுப்புச் சட்டம் 2025 நவம்பர் 21 முதல் நடைமுறையில் இருக்கிறது. இதில் குறித்த நேரத்தில் சம்பளம் தரவேண்டும் என்ற விதிக்குச் சம்பள வரம்பு கிடையாது; சூப்பர்வைசர், மேனேஜர் எல்லோரும் உள்ளே வருவார்கள். மாதச் சம்பளம் அடுத்த மாதம் ஏழாம் தேதிக்குள் வந்தாக வேண்டும். வேலையை விட்டாலோ, நீக்கினாலோ, கம்பெனி மூடினாலோ, சேரவேண்டிய சம்பளத்தை இரண்டு வேலை நாளில் கொடுத்துவிட வேண்டும். கடைசிக் கணக்கைத் தீர்க்க "ஃபுல் அண்ட் ஃபைனல் நாற்பத்தைந்து நாள் ஆகும்" என்பது கம்பெனிகள் தாங்களாக வைத்துக்கொண்ட வழக்கம். பாக்கி கேட்டு மனுப் போட மூன்று வருட அவகாசம் உண்டு; பழைய சட்டத்தில் பன்னிரண்டு மாதம்தான் இருந்தது. முக்கியமானது இன்னொன்று: சம்பளம் கொடுத்தாயிற்று என்று நிரூபிக்கும் பொறுப்பு முதலாளியுடையது. வரவில்லை என்று நீங்கள் நிரூபிக்க வேண்டியதில்லை. ஆனால் அங்கே வேலை பார்த்தீர்கள், சம்பளம் இவ்வளவு என்று பேசப்பட்டது என்பதை நீங்கள்தான் காட்ட வேண்டும். பலர் தடுக்கி விழுவது இந்த இடத்தில்தான்.

இன்றே ஒரு மெயில் அனுப்புங்கள். கோபம் வேண்டாம், சட்டப் பிரிவு வேண்டாம், மிரட்டல் வேண்டவே வேண்டாம். "ஐயா, ஜனவரி, பிப்ரவரி, மார்ச் மாதங்களுக்கான என் சம்பளம், மாதம் 32,000 வீதம் மொத்தம் 96,000 ரூபாய், இன்றுவரை வரவில்லை. சென்ற திங்கள்கிழமை நேரில் கேட்டபோது அடுத்த வாரம் தருவதாகச் சொன்னீர்கள். எந்தத் தேதியில் எவ்வளவு கிடைக்கும் என்று தெரிவித்தால் வீட்டுக் கடன் தவணையை அதற்கேற்ப மாற்றிக்கொள்வேன்." இவ்வளவு போதும். மாதம், தொகை, அவர் வாயால் சொன்ன வாக்குறுதி, தேதி கேட்கும் ஒரு கேள்வி, நான்கும் இருக்க வேண்டும். "கொஞ்சம் கஷ்டமா இருக்கு, பத்தாம் தேதிக்குள் ஏற்பாடு பண்றேன்" என்று பதில் வந்தால் உங்கள் கையில் கிடைத்தது ஓர் ஒப்புதல். பதிலே வரவில்லை என்றாலும் நஷ்டமில்லை, மறுப்பும் வரவில்லை என்பது பதிவாகிவிடும். முதலாளி மெயில் பார்க்காதவர் என்றால் அதே வாசகத்தை வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். வெறும் ஸ்கிரீன்ஷாட்டை மட்டும் நம்பாதீர்கள், அந்த உரையாடலை ஏற்றுமதி செய்து உங்கள் சொந்த மெயிலுக்கு அனுப்பிவையுங்கள், போனையும் மாற்றிவிடாதீர்கள்.

அதோடு சேர்த்து நியமனக் கடிதம், கடைசியாகச் சம்பளம் வந்த மாதங்களின் சம்பளச் சீட்டு, சம்பளம் ஏறிய வங்கிக் கணக்கின் ஒரு வருட அறிக்கை, அடையாள அட்டை, வருகைப் பதிவின் போட்டோ எல்லாவற்றையும் வீட்டில் ஒரு பிரதி வையுங்கள். நியமனக் கடிதமே தரவில்லை என்றாலும் கலங்க வேண்டாம். மாதாமாதம் ஒரே கணக்கிலிருந்து ஏறிய தொகையும் பி.எஃப். கணக்கும் சேர்ந்தால் அதுவே பேசும். ஒரு எச்சரிக்கை: உங்கள் சம்பளம் சம்பந்தப்பட்டதை மட்டும் எடுங்கள். வாடிக்கையாளர் பட்டியல், விலைப் பட்டியல் என்று கம்பெனி ரகசியத்தில் கை வைத்தால் உங்கள் மேல் திருட்டுப் புகார் கொடுக்க அவர்களுக்கு ஒரு சாக்கு கிடைத்துவிடும்.

இது தாமதமா, இல்லை கம்பெனி மூழ்குகிறதா என்று தெரிந்துகொள்வது அடுத்தது. முதலாளியின் முகத்தைப் பார்த்துக் கணிக்காதீர்கள், உங்கள் பி.எஃப். பாஸ்புக்கைத் திறந்து பாருங்கள். ஒவ்வொரு மாதத்துப் பங்கும் அடுத்த மாதம் 15-ஆம் தேதிக்குள் கட்டப்பட வேண்டும். சம்பளம் நிற்பதற்கு நான்கைந்து மாதம் முன்பிருந்தே அது நின்றிருந்தால், உங்கள் சம்பளச் சீட்டில் பிடித்தம் காட்டிவிட்டுக் கட்டாமல் விட்டிருந்தால், சிக்கல் நேற்று வந்ததல்ல. பிடித்த பங்கைக் கட்டாமல் வைத்துக்கொள்வது கிரிமினல் குற்றமும்கூட. வைப்புநிதி அலுவலகத்தின் குறைதீர்ப்புத் தளத்தில் செலவில்லாமல் புகார் போடலாம். கம்பெனியின் வங்கிக் கணக்கையே முடக்கும் அதிகாரம் அவர்களுக்கு இருப்பதால், லேபர் ஆபீஸ் கடிதத்துக்கு அசையாதவர்கள்கூட இதற்கு அசைவார்கள். அப்படியே வருமான வரித் தளத்தில் உங்கள் பான் எண்ணில் சம்பள வரி எதுவும் பிடித்ததாகக் காட்டுகிறதா என்றும் பாருங்கள். சம்பளத்துக்கான வரியைப் பிடிப்பது பணம் கொடுக்கும் நேரத்தில்தான். கொடுக்காத மாதத்துக்கு வரி பிடித்ததாக இருந்தால், கம்பெனி தன் கணக்கில் உங்களுக்குக் கொடுத்துவிட்டதாக எழுதியிருக்கிறது என்று பொருள். அந்தப் பக்கத்தை அச்செடுத்து வைத்துக்கொள்ளுங்கள், அதற்குப் பதில் சொல்ல அவர்கள் திணறுவார்கள்.

கூட்டாக லீவு போடும் யோசனையை விட்டுவிடுங்கள். 2020-ஆம் ஆண்டின் தொழிலுறவுத் தொகுப்புச் சட்டப்படி, பாதி பேரோ அதற்கு மேலோ சேர்ந்து ஒரே நாளில் தற்செயல் விடுப்பு எடுத்தால் அதுவும் வேலைநிறுத்தமாகவே கணக்கு. வேலைநிறுத்தத்துக்கு முன்னறிவிப்பு கொடுத்து, குறைந்தது பதினான்கு நாள் பொறுக்க வேண்டும். அதைச் செய்யாமல் இறங்கினால், சம்பளம் தராத கம்பெனி தப்பித்து, நீங்கள் சட்டவிரோதம் செய்தவர்கள் ஆகிவிடுவீர்கள். அதேபோல, தனியாக நீங்கள் "சம்பளம் வந்தால்தான் வருவேன்" என்று வீட்டில் உட்கார்ந்துவிடுவதும் ஆபத்து. சொல்லாமல் நின்றுவிட்டார், வேலையைக் கைவிட்டார் என்று ஒரு கடிதம் தயாராகிவிடும். சேர்ந்து செய்யலாம் என்றால் சேர்ந்து கையெழுத்துப் போட்டு ஒரே கடிதமாகக் கொடுங்கள். தனியாளாகப் போகிறவரை மிரட்டுவது சுலபம். முப்பது கையெழுத்தை யாரும் மேஜை இழுப்பறையில் போட்டு மூடிவிட முடியாது.

இருப்பதா, போவதா என்பது உங்கள் வீட்டு நிலைமையைப் பொறுத்தது, அதை நான் சொல்ல முடியாது. என் அபிப்பிராயத்தை மட்டும் சொல்கிறேன். எழுத்தில் கேட்ட பிறகும் தேதி தராத கம்பெனியில் நான்காவது மாதமும் இலவசமாக வேலை பார்ப்பது பாக்கியைத்தான் பெரிதாக்கும், முதலாளியின் மனதை இளக்காது. இன்னொரு வேலையைத் தேட ஆரம்பியுங்கள். கிடைத்ததும் முறையாக ராஜினாமா கொடுங்கள். அந்தக் கடிதத்தின் உள்ளேயே, "இன்றைய தேதியில் எனக்கு வரவேண்டிய பாக்கி இவ்வளவு" என்று ஒரு வரி இருக்கட்டும். "சொந்தக் காரணங்களால் விலகுகிறேன்" என்ற ஹெச்.ஆர். மாதிரிக் கடிதத்தில் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போடாதீர்கள். பணம் கணக்கில் ஏறும் முன்பு "எல்லாத் தொகையும் பெற்றுக்கொண்டேன்" என்ற காகிதத்திலும் போடாதீர்கள். ரிலீவிங் கடிதத்தைக் காட்டி அதை வாங்கிக்கொள்வது அடிக்கடி நடக்கிறது. கட்டாயம் போட்டே ஆகவேண்டும் என்றால், கையெழுத்துக்கு மேலேயே "பாக்கி 96,000 ரூபாய் நீங்கலாக" என்று எழுதிப் போடுங்கள், உடனே ஒரு போட்டோ எடுத்துவிடுங்கள்.

லேபர் ஆபீசுக்கு வருவோம். தமிழ்நாட்டில் ஒவ்வொரு மாவட்டத்திலும் தொழிலாளர் உதவி ஆணையர் (அமலாக்கம்) அலுவலகம் இருக்கிறது. முதல் புகாரை அங்கே கொடுக்கலாம், வக்கீல் தேவையில்லை. வங்கி, ரயில்வே, சுரங்கம், துறைமுகம் போன்று மத்திய அரசின் வரம்புக்குள் வருபவை என்றால் மத்திய தொழிலாளர் ஆணையர் அலுவலகம். அவர்களுக்கு 'சமாதான்' என்ற இணையதளமும் உண்டு. புகாரை இரண்டு பக்கத்துக்கு மேல் வளர்க்காதீர்கள். முதல் பத்தியில் வேலையில் சேர்ந்த தேதி, பதவி, சம்பளம். அதற்குக் கீழே மாதவாரியாகப் பாக்கி. பின்னிணைப்பாக அந்த மெயில். மேனேஜர் எப்போது என்ன திட்டினார் என்ற கதையை எழுதினால் அதிகாரி கணக்கைத் தேடி அலுத்துப்போவார். கொடுத்ததற்குத் தேதி முத்திரையோடு ஒரு நகல் வாங்காமல் வெளியே வராதீர்கள்.

அங்கே எப்படி நடக்கும் என்று சொல்லிவிட்டால் ஏமாற்றம் குறையும். கம்பெனிக்கு நோட்டீஸ் போகும். முதல் நாள் முதலாளி வரமாட்டார், ஹெச்.ஆர். வந்து "டாக்குமெண்ட் எடுத்துவர டைம் வேண்டும்" என்று வாய்தா கேட்பார். அடுத்த முறை, தவணையாகத் தருகிறோம் என்பார்கள். தவணைக்கு ஒப்புக்கொள்வது கேவலம் இல்லை, பல நேரம் அதுதான் கைக்கு வரும் பணம். ஆனால் தேதியும் தொகையும் அதிகாரியின் பதிவில் ஏறி, இரு தரப்பும் கையெழுத்துப் போட வேண்டும். பேச்சு முறிந்தால், ஊதியத் தொகுப்புச் சட்டத்தின் 45-ஆம் பிரிவின் கீழ் அதற்கென்று நியமிக்கப்பட்ட அதிகாரியிடம் உரிமைக்கோரிக்கை மனு. நீங்கள் போடலாம், உங்கள் தொழிற்சங்கம் போடலாம், தொழிலாளர் துறை ஆய்வாளரே போடலாம். மூன்று மாதத்துக்குள் முடிக்க முயல வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. 'முயல வேண்டும்' என்றுதான் சொல்கிறது, நாள்காட்டியில் குறித்துவைத்துக் காத்திருக்க வேண்டாம். உத்தரவு வந்த பிறகும் கொடுக்காவிட்டால், வசூல் சான்றிதழ் கலெக்டருக்குப் போய், நில வரி பாக்கியைப் போலவே வசூலிக்கலாம். கம்பெனியின் பெயரில் சொத்து இருந்தால்தான் இதற்குப் பல் உண்டு. வாடகைக் கட்டிடத்தில் வாடகை மெஷினோடு நடக்கும் கம்பெனி என்றால் சீக்கிரம் போவது நல்லது என்பதற்கு இதுவே காரணம்.

தவணைக்குப் பின்தேதியிட்ட செக் கொடுத்தால் வாங்கிக்கொள்ளுங்கள். செக்குக்கு அதில் போட்ட தேதியிலிருந்து மூன்று மாதம்தான் ஆயுள். திரும்பி வந்தால், வங்கி அதைத் தெரிவித்த நாளிலிருந்து 30 நாளுக்குள் எழுத்தில் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். நோட்டீஸ் கிடைத்த 15 நாளில் பணம் வராவிட்டால், அதற்கடுத்த ஒரு மாதத்துக்குள் நீதிமன்றத்தில் புகார். "திரும்பப் போடு, இந்த வாட்டி பாஸ் ஆயிடும்" என்று சொல்லிச் சொல்லியே இந்த நாட்களைக் கடத்திவிடுவார்கள், தேதியை விடாதீர்கள். போலீசுக்குப் போகலாமா என்று கேட்பவர்களுக்கு: சம்பளம் தரவில்லை என்பதை மட்டும் வைத்துப் போனால் பெரும்பாலும் "இது சிவில் மேட்டர், லேபர் ஆபீஸ் போங்க" என்பார்கள், அதில் சட்டப்படி தவறும் இல்லை. ஆனால் சிவில் கோர்ட்டும் வழி அல்ல. ஊதியத் தொகுப்புச் சட்டத்தின் கீழ் வசூலிக்க முடிகிற சம்பளத்துக்குத் தனியாக வழக்குப் போட முடியாது.

கம்பெனி திவால் நடவடிக்கைக்குள் போய்விட்டது என்று கேள்விப்பட்டால் எல்லாக் கணக்கும் மாறும். அந்த நாளிலிருந்து கம்பெனி மேல் உள்ள வழக்குகளும் வசூலும் நிறுத்திவைக்கப்படும். அந்த நடவடிக்கையை நடத்த நியமிக்கப்பட்ட தீர்வு நிபுணரிடம் நீங்கள் படிவம் 'டி'-யில் உங்கள் பாக்கியைக் கோர வேண்டும். அவர் பத்திரிகையில் அறிவிப்புக் கொடுத்திருப்பார், அதில் கடைசித் தேதி இருக்கும். கம்பெனி கலைக்கப்படும் நிலை வந்தால், தொழிலாளிகளுக்கு அதற்கு முந்தைய 24 மாதப் பாக்கி, அடமானக் கடன் கொடுத்த வங்கிகளோடு ஒரே படியில் நிற்கும். மற்ற ஊழியர்களுக்கு 12 மாதப் பாக்கி, அதற்கு அடுத்த படி. சூப்பர்வைசரான உங்களை திவால் சட்டத்துக்குத் தொழிலாளி என்று கொள்வார்களா, ஊழியர் என்றா என்பது உங்கள் வேலையின் தன்மையையும் சம்பளத்தையும் பொறுத்தது. 32,000 ரூபாயில், மேற்பார்வைதான் உங்கள் பிரதான வேலை என்றால், இரண்டாவது பட்டியலில்தான் வைப்பார்கள். பதவிப் பெயர் மட்டும் சூப்பர்வைசர், நாள் முழுக்க மெஷினில்தான் நிற்கிறேன் என்றால் வாதாட இடம் உண்டு.

நிச்சயமில்லாதவை சிலவற்றையும் சொல்ல வேண்டும். பாக்கியோடு பத்து மடங்கு வரை நஷ்டஈடு தர உத்தரவிடலாம் என்று சட்டத்தில் இருக்கிறது. அது உச்சவரம்பு, அதிகாரியின் விருப்பத்துக்கு உட்பட்டது. 96,000-க்குப் பத்து லட்சம் வரும் என்று மனக்கணக்கு போட்டால் வருகிற தவணையையும் உதறிவிடுவீர்கள். அதேபோல, அவர்கள் சம்பளம் தரவில்லை என்பதற்காக நீங்கள் நோட்டீஸ் காலம் இல்லாமல் விலகலாமா என்பது விவாதத்துக்குரியது. ஒப்பந்தத்தை முதலில் மீறியது அவர்கள்தான் என்று சொல்ல நியாயம் இருக்கிறது, ஆனால் அவர்கள் ஒரு மாதச் சம்பளத்தைக் கழித்துக் கணக்குக் காட்டுவார்கள், பேரம் அங்கேதான் நடக்கும். உங்களை 'கன்சல்டன்ட்' என்று எழுதிவைத்திருந்தால் மொத்த விஷயமும் சந்தேகத்துக்கு உரியதாகிவிடும். உண்மையில் யார் சொல்படி, எந்த நேரத்துக்கு வேலை பார்த்தீர்கள் என்பதைக் காட்டி வாதிட வேண்டியிருக்கும். புதிய தொகுப்புச் சட்டங்களுக்கு மாறும் காலம் என்பதால், அவற்றுக்கு முரணில்லாத பழைய விதிகளும் படிவங்களும் தொடர்கின்றன. அலுவலகத்தில் பழைய படிவத்தை நீட்டினால் சண்டை போடாமல் நிரப்பிக் கொடுங்கள். மனுவின் தலைப்பில் இரண்டு சட்டங்களையும் குறிப்பிட்டால் ஒன்றும் குறைந்துவிடாது.

உங்கள் கேள்வியில் ஒரு வரி எழுதியிருந்தீர்கள், "அவர் நல்ல மனுஷன், கஷ்டத்தில் இருக்கும்போது கம்ப்ளைன்ட் பண்ண மனசு வரலை" என்று. மெயில் அனுப்புவது கம்ப்ளைன்ட் இல்லை. நிஜமாகவே தர நினைக்கிறவருக்கு எவ்வளவு, எந்தத் தேதி என்று எழுதிக் கொடுப்பதில் நஷ்டம் ஒன்றுமில்லை. அந்த ஒரு வரியை எழுதவே மறுத்தார் என்றால் உங்களுக்கு வேண்டிய தகவல் கிடைத்துவிட்டது, அடுத்த ஏழாம் தேதிவரை பொறுத்துவிட்டு உதவி ஆணையர் அலுவலகத்துக்குப் போங்கள். மனு எழுதத் துணை வேண்டும் என்றால் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் கேளுங்கள். தொழிலாளிகள், பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர் ஆகியோருக்கு வருமானம் பார்க்காமல் இலவசமாக வக்கீல் கிடைக்கும். மற்றவர்களுக்கு வருமான வரம்பு உண்டு. தொலைபேசி எண் 15100. நியமனக் கடிதத்தைப் பார்க்காமல் நோட்டீஸ் காலம், பாண்டு (இத்தனை காலம் விலகமாட்டேன் என்ற ஒப்பந்தம்), பிடித்தம் பற்றி இதற்கு மேல் சொல்வது சரியாக இருக்காது. பெயர்களை மறைத்துவிட்டு அந்தப் பக்கத்தின் வாசகத்தை மட்டும் இங்கே எழுதினால், எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.